ஓடக்காரர் சொல்லாத பெயர்

நீடாமங்கலம்
3.8.2024

ஆஸிமுக்கு,

என் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆட்டம் முடிகிறவரை ஒரு தடவைகூட நீ அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடவில்லை. இது தவறு. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நலம் விசாரிக்க இல்லை.

உன்னோடு பேசுவதில்லை என்று ஆறு வருடத்துக்கு முன்பு சொன்னேன். அதில் இன்றும் மாற்றமில்லை. எழுதுவதில்லை என்று சொன்ன ஞாபகம் இல்லை. ஆகவே இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் இறங்கி வந்துவிட்டதாக யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே.

நடந்தது இது. என் மகள் சுடர்விழி போன மாதம் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தபோது, தன் லேப்டாப்பில் ‘ஓடத்துறை’ என்ற வீடியோ கேமைத் திறந்து வைத்து, “அப்பா, இந்தக் குரல் யாரோடதுன்னு சொல்லுங்க பாப்போம்” என்றாள். வெள்ளம் சூழ்ந்த ஒரு நாடு. துறையில் தாடி வைத்த கிழட்டு ஓடக்காரர். அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், பூவம்மாள் அடுப்படியிலிருந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடிவந்தாள். “ஆஸிம் அண்ணனா? எப்ப வந்தாரு? ஏங்க, உள்ள கூப்பிடாம என்ன பண்றீங்க?” என்று என்னைத் திட்டினாள். லேப்டாப்பைக் காட்டிய பிறகுதான் அடங்கினாள்.

எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதிராம்பட்டினத்திலிருந்து நீடாமங்கலம் வரை எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா! நீ மைக்கில் பேசினாய், நான் ஆம்ப்ளிஃபயரைத் திருகினேன். உன் குரலில் எங்கே கரகரப்பு ஏறும், எங்கே குறைக்க வேண்டும் என்பது என் விரலுக்குத் தெரியும். இப்போது கரகரப்பு கூடியிருக்கிறது. இந்த கேமைச் செய்த கம்பெனியில் ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஓடக்காரர், “யாருப்பா அது? பேரு என்ன?” என்கிறார். எழுதக் கட்டம் வருகிறது. சுடர்விழி தட்டப் போனாள். தடுத்து, நானே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ‘அரசப்பன்’ என்று தட்டினேன். திரையின் அடியில் “வாங்க அரசப்பன், ஏறிக்கோங்க” என்று எழுத்தில் வந்தது. உன் குரலோ, “வா மருமவனே, ஏறிக்கோ” என்றது. முதல் தடவை, போகட்டும் என்று விட்டேன். புயலில் மரம் விழும்போதும் மருமவனே. நான் தண்ணீருக்குள் முங்கிச் சாகக் கிடந்தபோதும் மருமவனே. கடைசியில் அக்கரையில் இறக்கிவிட்டுப் போகும்போது எழுத்தில் “போய்ட்டு வாங்க அரசப்பன்”. உன் வாயில் “போய்ட்டு வா” மட்டும்.

சந்தேகத்துக்கு மறுபடி ஆரம்பித்து, என் அண்ணன் பெயரை, ‘வீரையன்’ என்று தட்டிப் பார்த்தேன். மருமவனே. ‘மண்வெட்டி’ என்று தட்டினேன். அதற்கும் மருமவனே. மண்வெட்டியும் நானும் உனக்கு ஒன்றா?

இது உனக்குப் புதிய பழக்கமும் இல்லை. என் தங்கச்சி அம்சவல்லியின் மகள் கல்யாணத்தில், சீர்த்தட்டோடு மண்டப வாசலில் நின்றேன். தாய்மாமன் பெயரை மைக்கில் சொன்ன பிறகுதான் மேளம் முன்னால் போகும், அவன் உள்ளே காலெடுத்து வைப்பான். இது உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீ என்ன சொன்னாய்? “தாய்மாமன்மார் வருகிறார்கள்.” பெயர் இல்லை. ஆம்ப்ளிஃபயர் மேசை வாசலில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. ஃபியூஸைப் பிடுங்கினேன். மைக் செத்தது. நம் பேச்சுவார்த்தையும் அதோடு நின்றது. இப்போது அதே வேலையை ஒரு கம்பெனிக்குச் செய்து கொடுத்திருக்கிறாய்.

பதில் எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதுவதானால் உன் மகனிடம் வாங்கிய இந்த முகவரி சரிதானா என்று குறிப்பிடு.

அரசப்பன்


சென்னை
15.8.2024

பெயர் பறிபோன பெருந்தகைக்கு,

முகவரி சரி.

தபால்காரர் கொடுத்த உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும், யாரோ இறந்துவிட்டார்கள் என்று பயந்துபோய் நின்றுகொண்டே பிரித்தேன். படித்து முடித்து உட்கார்ந்து சிரித்தேன். மருமகள் வந்து, “என்ன மாமா, லெட்டர்ல நல்ல சேதியா?” என்றாள். “ஆமாம்மா, ஒருத்தன் என்னை நல்லாத் திட்டியிருக்கான்” என்றேன்.

இந்த வேலை எனக்கு வந்த கதை உனக்குத் தெரியாது. எங்கள் அடுக்குமாடியில் விளையாட்டுப் போட்டி நடத்தினார்கள். சாக்கு ஓட்டத்துக்கு மைக் பிடிக்க ஆளில்லை. வாங்கினேன். நம் பேராவூரணி கபடிக்குப் பேசுவதுபோலச் சாக்கு ஓட்டத்துக்குப் பேசிவிட்டேன். கூட்டத்தில் இருந்த கனிமொழி என்ற பெண், வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வீடியோ கேம்களுக்குக் குரல் பதிவு செய்கிறவள். ஓடக்காரர் என் தலையில் ஏறியது இப்படித்தான்.

உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நீ மெக்கானிக்; யோசித்தால் உனக்கே விளங்கும். நான் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பேசியது போன வருடம் பங்குனியில். நீ பெயரைத் தட்டியது இந்த ஆடியில். எழுத்து அந்த நேரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். குரல் அப்படி இல்லை, முன்பே பதிந்து கிடக்கிறது. உலகத்தில் எவன் என்ன பெயர் தட்டுவான் என்று பங்குனியில் எனக்கு எப்படித் தெரியும்? மண்வெட்டி என்று ஒருவன் தட்டுவான் என்று கனவா கண்டேன்?

எல்லா ஊரிலும் இதே தலைவலிதான் என்கிறாள் கனிமொழி. வெளிநாட்டு ஆட்டங்களில் சிலர் ஆடுகிற எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயரைக் கொடுத்து அதை மட்டும் சொல்வார்களாம். சிலர் பதவியைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். சிலர் ஏராளமான பெயர்களை முன்கூட்டியே சொல்லிப் பதிந்து வைப்பார்களாம். யந்திரத்தையே பேச விட்டவர்களும் உண்டு. அது ரயில் தாமதம் என்று அறிவிப்பது மாதிரி இருக்கும். அவள் என்னிடம், “ஐயா, எல்லாருக்கும் பொருந்துற மாதிரி ஒரே ஒரு வார்த்தை வேணும்” என்றாள். நான் சிரித்தேன். “தமிழ்ல அதுக்கா பஞ்சம்? நாம யாரையும்மா பேர் சொல்லிக் கூப்பிடுறோம்? அண்ணே, மாமா, ஆத்தா, தம்பி. மருமவனேன்னு வச்சுக்க, பொண்ணா இருந்தா மருமவளே” என்று கொடுத்தேன். என்னைக் கெட்டிக்காரன் என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, உன் கடிதம் வரும்வரை.

கல்யாண விஷயம் உனக்கே தெரியும். நீயும் வீரையனும் யார் முன்னால் போவது என்று காலையிலிருந்து முறைத்துக்கொண்டு இருந்தீர்கள். உன் மச்சினர், அம்சவல்லி புருஷன், என்னை மேடைக்குப் பின்னால் இழுத்துப் போய், “பாய், யார் பேரை முதல்ல சொன்னாலும் மத்த ஆளு தட்டைக் கீழ வச்சிட்டுப் போயிடுவாரு. பேரே வேணாம். மாமன்மாருன்னு சொல்லி முடிச்சிடுங்க” என்று கும்பிட்டார். கல்யாண வீட்டுக்காரர் கும்பிட்டால் நான் என்ன செய்ய?

இன்னொன்று. கஜா புயல் அடித்து அதிராம்பட்டினம் இருட்டில் கிடந்தபோது எங்கள் வாசலில் ஒரு ஜெனரேட்டரை வேன்காரர் இறக்கிவிட்டுப் போனார். யார் அனுப்பியது என்று கேட்டால், “பேரைச் சொல்லக் கூடாதுன்னாரு” என்றார். ஒயரின் ஒட்டில் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்தேன். அப்படி மூன்று மடிப்பாகச் சுற்றுகிற ஆள் இந்த டெல்டாவில் ஒருவன்தான். பெயர் சொல்லாமல் காரியம் பார்ப்பது எனக்கு மட்டும் தெரிந்த வித்தையா?

பூவம்மா தங்கச்சிக்கு என் சலாம்.

ஆஸிம்


நீடாமங்கலம்
24.8.2024

ஆஸிமுக்கு,

அந்த ஜெனரேட்டரை நான் அனுப்பவில்லை. அதை மாதம் ஒருமுறையாவது ஓட்டாமல் வைத்தால் கார்பரேட்டர் அடைத்துக்கொள்ளும். ஆயில் மாற்றினாயா?

நீ சொன்ன விளக்கம் புரிந்தது. ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் சொல்லாமல் இருப்பது வேறு, கேட்டு வாங்கிவிட்டுச் சொல்லாமல் இருப்பது வேறு. பெயரைச் சொல்ல முடியாதென்றால் கேட்காதே. “யாருப்பா அது, ஏறு” என்று சொல்லிவிட்டுப் போ. கேட்டாய், நான் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்துவிட்டாய். ஒருவர் நீட்டிய தாம்பூலத்தை வாங்கி அவர் கண்ணெதிரே பெஞ்சின் மேல் வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். சரி, என் கதையைக் கேள். நான் இப்போது மோட்டார் ரீவைண்டிங் மட்டும் பார்க்கிறேன். சம்பாவுக்குத் தண்ணீர் விடுகிற காலம், கடையில் ஆள் நிற்கிறது. வருகிறவர்கள் என்னை மோட்டார்க்காரரே என்கிறார்கள். தெருவில் மாமா. சின்னதுகளுக்குத் தாத்தா. தங்கச்சிக்கு அண்ணன், சுடர்விழிக்கு அப்பா. பூவம்மாள் ஏங்க என்பாள். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் பஞ்சாயத்து ஆபீசில் புருஷன் பெயரைக் கேட்டபோது பக்கத்தில் நின்ற உன்னைப் பார்த்து, “அண்ணே, நீங்க சொல்லுங்க” என்றவள் அவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டியவர் அண்ணன் வீரையன். அவர் என்னை ‘ஏலே’ என்பதோடு சரி, இப்போது அதுவும் இல்லை.

போன மாதம் கண்ணுக்குக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் கூப்பிடுகிற பெண் “அரசப்பன்!” என்றாள். எனக்கு உடனே எழுந்திருக்கத் தோன்றவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். பூவம்மாள் முழங்கையால் இடித்தாள்.

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் நீ ஒருவன். ஊரே அந்தப் பெயரை உன் வாயிலிருந்துதான் கற்றது. மற்றவர்கள் மைக் டெஸ்டிங், ஒன்று, இரண்டு என்பார்கள். நீ, “அரசப்பா, கேக்குதா?” என்பாய். நான் எங்கேயோ தென்னை மரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருப்பேன். அங்கிருந்து கத்தினால் உனக்குக் கேட்காது. கையைத் தூக்குவேன். அதன் பிறகுதான் நீ பாட்டுப் போடுவாய்.

மாமா என்று யாரையும் சொல்லலாம். மருமவனே என்று மண்வெட்டியையும் சொல்லலாம். நீ அதைச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் என் வழக்கு.

அரசப்பன்


சென்னை
8.9.2024

அரசப்பா,

எழுத்தில் கூப்பிட்டுவிட்டேன். இது கணக்கில் வராது என்று நீ சொல்வாய் என்றும் தெரியும்.

உன் கடிதத்தைக் கனிமொழிக்குப் படித்துக் காட்டினேன். தாம்பூலத்தை வாங்கிப் பெஞ்சில் வைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லி எழுதிக்கொண்டாள். “ஐயா, இவரு சொல்றது சரி. நாங்க ஆபீஸ்ல இதை ஒரு வருஷமா பேசிக்கிட்டு இருக்கோம், இவரு ரெண்டு வரியில சொல்லிட்டாரு” என்றாள். தலைக்கனம் ஏற்றிக்கொள்ளாதே.

கம்பெனியிலும் முடிவாகிவிட்டது. அடுத்து வரும் அப்டேட்டில் ஓடக்காரர் பெயர் சொல்லப் போகிறார். எல்லாப் பெயரையும் இல்லை. அதிகம் பேர் தட்டிய பெயர்களைக் கணக்கெடுத்து, அவற்றை நான் சொல்லிப் பதிய வேண்டும். பட்டியலில் இல்லாத பெயருக்குப் பழையபடி மருமவனேதான். பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் சென்னைப் பிள்ளைகளின் பெயர். பாதிப் பேர் ‘கிங்’ என்று தட்டியிருக்கிறார்கள். கிங் என்றெல்லாம் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நம் பக்கத்துப் பெயர்களும் வேண்டும் என்று சண்டை போட்டேன். கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். வீரையன், காளியம்மாள், பகலவன், பூவம்மாள், செழியன். அரசப்பன் உண்டா என்று நீ தேடுவது தெரிகிறது. உண்டு. அகரவரிசையில் உன் அண்ணனுக்கு முன்னாலேயே நிற்கிறாய். போதுமா?

போன கடிதத்தில் கல்யாணக் கதையைப் பாதியில் நிறுத்தினேன். மீதியை எழுதாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன்; இப்போது எழுதிவிடுவது நல்லது. “தாய்மாமன்மார் வருகிறார்கள்” என்றேன். கூட்டத்துக்கு மேலே உன் முகம் தெரிந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாய். மச்சினர் கும்பிட்டது, சத்தியம் வாங்கியது எல்லாம் போகட்டும் என்று மூச்சை இழுத்து, “முதலாவதாக, நீடாமங்கலம் அரசப்பன்!” என்றேன். முழுத் தொண்டையில் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. அதற்குள் நீ ஃபியூஸைப் பிடுங்கியிருந்தாய். மேளச் சத்தத்தில் செத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொன்ன கிறுக்கன் நான். நம்பாவிட்டால் பூவம்மா தங்கச்சியைக் கேள். மேடைக்குக் கீழே என் காலடியில்தான் நின்றாள்.

கரகரப்பு கூடியிருக்கிறது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். உன் காதைப் புகழ வேண்டும். குரல் நாணில் கட்டியாம். வெட்டி எடுத்தாக வேண்டும் என்கிறார் டாக்டர். எடுத்த பிறகு குரல் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும் என்கிறார். ஆபரேஷன் அக்டோபரில். அதற்குள் பெயர்களைப் பதிந்து முடிக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ரயில் ஏறாதே. எப்போதும் மூடிக் கிடக்கும் உங்கள் ஊர் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வாய்.

ஆஸிம்


நீடாமங்கலம்
12.9.2024

ஆஸிமுக்கு,

பேசாதே. கடைக்குப் போனால் விரலைக் காட்டு. மகன் வீட்டில் பலகை வாங்கித் தரச் சொல்லி எழுதிக் காட்டு. பெயர்ப் பட்டியலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தொண்டையில் கட்டியை வைத்துக்கொண்டு ஊரார் பிள்ளைகளின் பெயரையெல்லாம் கூப்பிடச் சொல்லி எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?

என் பெயரையும் எடுத்துவிடு. நான் தொடுத்த வழக்கு தொடுத்ததுதான், தவறு தவறுதான், அதைத் திரும்பப் பெறவில்லை. ஒத்தி வைக்கிறேன்.

பூவம்மாளைக் கேட்டேன். மோர்மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். “ஆஸிம் அந்தக் கல்யாணத்துல மைக் போன பிறகு ஏதாவது சொன்னானா?” என்றேன். “சொன்னாரே” என்றாள், நிமிராமல். “என்ன சொன்னான்?” என்றேன். “அதை நான் எந்த வாயால சொல்றது?” என்றாள்.

ஆறு வருடமாக இவள் வாயைத் திறக்காததற்குக் காரணம் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதா? “உங்க பேரைச் சொன்னாருன்னு சொல்றதுக்கு என்ன கேடு?” என்று கத்தினேன். அதற்கு அவள், “அந்த ஆளு பேச்சை எடுக்காதேன்னது யாரு? எடுத்திருந்தா சோத்துத் தட்டை வீசியிருப்பீங்க. சரி, கேக்குறேன், நீங்க என்னை எப்பப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க? இந்தா, இங்க வா, எங்க போய்த் தொலைஞ்சே. இதுதானே? ஓடக்காரரு கூப்பிடலேன்னு லெட்டர் போடத் தெரியுது” என்று மிளகாய்த் தட்டோடு மாடிக்குப் போய்விட்டாள்.

இதெல்லாம் உன்னால் வந்தது.

ஃபியூஸைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

பேசாதே.

அரசப்பன்


சென்னை
4.10.2024

அரசப்பா,

பேசிவிட்டேன். பலகையை மருமகள் வாங்கி வந்தாள். அதில் பேரப்பிள்ளை மாடு வரைந்து வைத்திருக்கிறது.

டாக்டர் தினமும் கொஞ்ச நேரம் அனுமதித்தார். மீதி நேரம் ஊமை. கண்ணாடி அறைக்குள் போய்ப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல வேண்டும். உனக்குப் பிடிக்கும் வேலை, அதனால் சொல்கிறேன். இதற்காக “வாங்க” என்பதை முதல் நாளே தனியாகப் பதிந்தாயிற்று. “ஏறிக்கோங்க” என்பதும் முன்பே பதிந்தது. நடுவில் பெயரைச் செருக வேண்டும். பெயர் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. ஒயரில் ஒட்டுப் போட்ட இடம் கைக்குத் தட்டுப்படாமல் இருப்பது மாதிரி இருக்க வேண்டும். அதனால் எந்தப் பெயரையும் ஏற்றாமல் இறக்காமல், சந்தோஷமாகவும் இல்லாமல் வருத்தமாகவும் இல்லாமல், சமமாகச் சொல்ல வேண்டும். வீரையன், செழியன், காளியம்மாள் எல்லாம் நன்றாக வந்தது. உன் அண்ணன் பெயர் ஒரே தடவையில் சரியாகிவிட்டது. எரிச்சல் படாதே.

உன் பெயருக்கு வந்தோம். சொன்னேன். கனிமொழி கண்ணாடிக்கு வெளியிலிருந்து கையைக் காட்டினாள். “ஐயா, இது ரொம்ப தூரத்துல இருக்கிற ஆளைக் கூப்பிடுற மாதிரி இருக்கு. மத்ததோட ஒட்டாது” என்றாள். மறுபடி சொன்னேன். அதுவும் அப்படியே. குறைத்துச் சொன்னேன், குனிந்து சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். எப்படிச் சொன்னாலும் தென்னை மர உச்சிக்குத்தான் போகிறது. சமமாக வரவே மாட்டேன் என்கிறது. தொண்டை எரிந்தது. அந்தப் பெண் பாவம், “விட்டுடலாமா ஐயா? ஒரே ஒருத்தர்தான் இந்தப் பேரைத் தட்டியிருக்காரு” என்றாள்.

“அந்த ஒரே ஒருத்தனுக்காகத்தான் நான் வந்ததே” என்றேன்.

அவள் பட்டியலை மடக்கி வைத்தாள். பிறகு, “அப்ப ஒட்டுப் போட வேணாம். ஒரு வாக்கியத்தை முழுசா சொல்லுங்க. இந்தப் பேரைத் தட்டினவருக்கு மட்டும், ஒரே ஒரு இடத்துல வைக்கிறேன்” என்றாள். என்ன சொன்னேன், எந்த இடத்தில் வைத்தாள் என்பதை எழுத மாட்டேன். ஆடிக் கண்டுபிடி. ஒரே தடவையில் வந்தது. அவள் பதிவை நிறுத்த மறந்துவிட்டாள். அதன் பிறகு நான் வேறு எந்தப் பெயரையும் சொல்லவில்லை. பட்டியல் முடிந்திருந்தது, இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை ஆபரேஷன். துஆ செய். உன் சாமியிடமும் சொல்லிவை.

ஆஸிம்


நீடாமங்கலம்
30.10.2024

ஆஸிமுக்கு,

நாளை தீபாவளி. உன் மகன் ஃபோனில் சுடர்விழியிடம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றானாம். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும்.

சுடர்விழிக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. பேராவூரணிப் பையன். தமிழரசன் என்று பெயர். தென்னந்தோப்பு இருக்கிறது, தஞ்சாவூரில் வேலையும் இருக்கிறது. என்னை மாமா என்கிறான். அதில் குறை சொல்ல முடியாது.

நீ சொல்லாமல் விட்ட ஜெனரேட்டர் ஆயில் விஷயம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஒரு வரியாவது எழுது.

அரசப்பன்


சென்னை
21.11.2024

அரசப்பா,

கட்டி போய்விட்டது. கெட்ட கட்டி இல்லை என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

குரலும் போய்விட்டது. வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது மாதிரி ஒரு சத்தம். பயிற்சி செய்தால் கொஞ்சம் வரலாம் என்கிறார்கள். பழையது வராது.

முதல் வாரம் அழுதேன். இப்போது இல்லை. காய்கறிக்காரரிடம் கையால் பேரம் பேசுகிறேன். முன்பைவிட மலிவாகத் தருகிறார்.

சுடர்விழி செய்தி கேட்டு மகிழ்ந்தேன். கல்யாணத்துக்கு நான் வரவில்லை, தப்பாக நினைக்காதே. நம் பக்கத்து மண்டபத்துக்குள் நுழைந்தால் எவனாவது என் கையில் மைக்கைக் கொண்டுவந்து திணிப்பான். “பாய், ரெண்டு வார்த்தை” என்பான். அதைத் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

அப்டேட் பொங்கலுக்கு வருகிறது.

ஆயில் மாற்றிவிட்டேன்.

ஆஸிம்


நீடாமங்கலம்
16.1.2025

ஆஸிமுக்கு,

கல்யாணத்துக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். இது தவறு. இதைப் பிறகு பேசுகிறேன்.

பொங்கலன்று அப்டேட் வந்தது. சுடர்விழி ஏற்றிக் கொடுத்தாள். முதலில் பூவம்மாள் ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். தன் பெயரைத் தட்டினாள். “வாங்க பூவம்மா, ஏறிக்கோங்க” என்றாய். சமமாக, அழகாக, ஒட்டு தெரியாமல் சொன்னாய். ஏறாமல் துறையிலேயே நின்றுகொண்டு, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று திரும்பத் திரும்ப ஆரம்பித்தாள். எனக்கு முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

நான் ஆடினேன். துறையில் மருமவனே. கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். புயலில் மருமவனே. முங்கிச் செத்தபோதும் மருமவனே. கடைசியில் அக்கரையில் இறக்கிவிட்டாய். “போய்ட்டு வா” என்றாய். ஓடம் திரும்பியது. பனியில் மறைந்தது. எழுத்துகூட வரவில்லை. வெறும் தண்ணீர்ச் சத்தம். முடிந்துவிட்டது, இவன் மறுபடி ஏமாற்றிவிட்டான் என்று லேப்டாப்பை மூடப் போனேன்.

பனிக்கு அப்பால், நான் ஏறிய துறைப் பக்கமிருந்து, “அரசப்பா! கேக்குதா?” என்றாய்.

நான் கையைத் தூக்கினேன்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி, கூடத்தின் நடுவில் தூக்கினேன். பூவம்மாள் பார்த்துவிட்டாள், சுடர்விழியும் பார்த்துவிட்டாள்.  ஆகவே இதை உன்னிடம் மறைத்துப் பயனில்லை.

இனி யார் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதுகிறேன். இதில் மாற்றம் கிடையாது.

கல்யாணம் மாசியில், உங்கள் நோன்பு தொடங்குவதற்கு முன்பு. உன் மகன் உன்னையும் மருமகளையும் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு முந்தின நாளே வந்துவிட வேண்டும். ரயில் கேட் மூடியிருந்தால் அந்தப் பக்கமே இறங்கி நடந்து வரட்டும்.

சவுண்ட் செட் நான் கட்டுகிறேன். பழைய ஆம்ப்ளிஃபயரை இறக்கித் துடைத்துவிட்டேன், உயிரோடு இருக்கிறது. தென்னை மரம் ஏற எனக்கு இப்போது முடியாது. குழாய்களை மாப்பிள்ளை தமிழரசன் ஏறிக் கட்டுவான், தோப்புக்காரன்தானே.

ஃபியூஸ் மேசைக்குப் பக்கத்தில் பூவம்மாள் நிற்க வேண்டும். என்னையும் சேர்த்து ஒருவரையும் அண்ட விடக் கூடாது. இதற்கு அவள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். நேற்று ஒருமுறை கூப்பிட்டேன். “என்னங்க, உடம்பு சரியில்லையா?” என்றாள். பழக வேண்டும், அது என் வேலை.

மச்சினர் யாரிடமும் போய்க் கும்பிடக் கூடாது.

மைக்கை நான் பிடிக்கிறேன். எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். உன் கையில் அதைக் கொண்டுவந்து யாரும் திணிக்காமல் இருக்க வேறு வழியில்லை, அதனால் பிடிக்கிறேன். வருகிற ஒவ்வொருவர் பெயரையும் முழுதாகச் சொல்லப் போகிறேன். மாமன்மார், அண்ணன்மார் என்ற பேச்சே கிடையாது. அண்ணன் வீரையன் பெயர் இரண்டாவது. அவருக்குச் சொல்லியாகிவிட்டது. “முதல் பேரு யாருலே?” என்றார், சொன்னேன். “அவன்னா சரி” என்றார்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. நேராக உள்ளே வந்துவிடாமல், மண்டப வாசலில் நான் தட்டோடு நின்ற அதே இடத்தில் நில். மேடையிலிருந்து, “ஆஸிம், கேக்குதா?” என்பேன்.

பதில் சொல்ல வேண்டாம். கையைத் தூக்கு. அதன் பிறகுதான் மேளம் ஆரம்பிக்கும்.

அரசப்பன்